அரசு கவுண்டரில் பாஸ்போர்ட் கொடுக்கிறீர்களா? தோட்டப்புற ஊர்களில் வாழும் வெளிநாட்டவருக்கு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் மலேசியக் குடியுரிமை இல்லாத தமிழர்கள் மூன்று வகையாக இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள்கள் ஒரு வகை. பெர்மிட்டில் தோட்டத்திலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு வகை. சிவப்பு ஐசியோடு, அதாவது நிரந்தர வசிப்பாளர் அடையாள அட்டையோடு, காலம் தள்ளிக்கொண்டு குடியுரிமைக்கு மனு போட்டுக் காத்திருப்பவர்கள் மூன்றாவது. இவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்து, கூடவே கவுண்டருக்கும் போய் வந்ததில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

மனு தள்ளுபடியானால் மறுபடியும் போடலாம். கொடுத்த அசல் பத்திரத்தை அலுவலகமே எங்கேயோ வைத்து மறந்துவிட்டால்தான் திண்டாட்டம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 3-ஆம் பிரிவிலேயே, கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்று ஒதுங்கிக்கொள்கிறது. வங்கியோ கடையோ உங்கள் விவரத்தைச் சிந்தினால் அந்தச் சட்டத்தைக் காட்டலாம், அரசு கவுண்டரிடம் காட்ட முடியாது. அதனால் கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் தாள் ஒன்று கையை விட்டுப் போனால், அதற்கு ஈடாக வேறொரு தாள் உங்கள் கைக்கு வர வேண்டும்.

1. கிளம்புவதற்கு முன்: 555 புத்தகமும் பிரதிகளும்

மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அந்தச் சின்ன 555 புத்தகம் ஒன்று வாங்குங்கள். அதில் பத்திரக் கணக்கைத் தவிர வேறெதுவும் எழுதாதீர்கள். எந்தத் தேதி, எந்த அலுவலகம், எத்தனையாவது கவுண்டர், என்ன கொடுத்தோம், அசலா பிரதியா, என்ன திரும்பி வந்தது. இவ்வளவுதான். போனிலும் எழுதலாம், ஆனால் கவுண்டரில் போனை எடுத்தால் முகம் சுளிக்கிற இடங்கள் உண்டு. புத்தகத்தை யாரும் கேட்பதில்லை.

அடுத்தது பிரதிகள். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தை மட்டும் பிரதி எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பெற்றோர் பெயரும் முகவரியும் உள்ள கடைசிப் பக்கம் வேண்டும். இப்போது செல்லுபடியாகும் பாஸ் (இங்கே தங்குவதற்கான அனுமதி) ஒட்டிய பக்கமும், கடைசியாக மலேசியாவுக்குள் நுழைந்தபோது முத்திரை குத்தியிருந்தால் அந்தப் பக்கமும் வேண்டும். பாஸ்போர்ட்டே காணாமல் போகும் நாளில், நீங்கள் சட்டப்படிதான் இங்கே இருந்தீர்கள் என்று சொல்லப்போவது இந்தப் பக்கங்கள்தான்.

திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட்டுகள் எல்லாவற்றையும் இதேபோல் பிரதி எடுங்கள். ஊரில் அரசு முத்திரை வாங்கி, மலேசியத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக் கொண்டுவந்த சான்றிதழாக இருந்தால் பின்பக்கத்தையும் விடாதீர்கள். முத்திரைகள் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும். அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் ஊரில் யாராவது அலைய வேண்டியிருக்கும்.

படம் எடுத்ததை போனில் மட்டும் வைக்காமல் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டும் போனும் ஒரே கைப்பையில்தான் போய் வருகின்றன.

2. போட்டோஸ்டேட் கடை

அரசு அலுவலகத்தைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கடையையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கடைக்காரரின் வாட்ஸப்புக்குப் பாஸ்போர்ட் படத்தை அனுப்பி பிரிண்ட் கேட்கிறோம். அந்தப் படம் அவர் போனிலும் கடைக் கணினியிலும் தங்கிவிடுகிறது. அடுத்து வருகிறவருக்கும் திரையில் தெரிகிறது.

முடிந்தால் அசலைக் கொண்டுபோய் கண்ணெதிரே பிரதி எடுங்கள். வாட்ஸப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால், பிரிண்ட் வந்ததும் அவர் போனிலும் கடைக் கணினியிலும் அழிக்கச் சொல்லி நின்று பார்த்துவிட்டு வாருங்கள். சரியாக விழாத பிரதியைக் குப்பைத் தொட்டியில் போட விடாதீர்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடை வியாபாரம் என்பதால் மேலே சொன்ன தரவுச் சட்டம் இங்கே செல்லும்.

3. பிரதியின் மேல் கோடு போடுவது

ஐசி பிரதி கொடுக்கும்போது மலேசியர்கள் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டவருக்கு இது இன்னும் அவசியம். காரணம், ஒரு பாஸ்போர்ட் பிரதி கையில் இருந்தால் உங்கள் பெயரில் போன் எண் வாங்க முயலலாம், கடனுக்கு ஜாமீன் என்று காட்டலாம். பிரதியில் நோக்கமும் தேதியும் இருந்தால் வேறு இடத்தில் அதை நீட்டுவது கஷ்டம்.

எழுத வேண்டியது மலாயில்: 'உந்தோக் பெர்மொஹோனான் பாஸ் சஹாஜா', அதாவது பாஸ் மனுவுக்கு மட்டும். கீழே அலுவலகத்தின் பெயரும் தேதியும். கோடு முகத்தின் மேலோ எண்ணின் மேலோ போகக்கூடாது. அப்படிப் போனால் தெளிவில்லை என்று திருப்பிக் கொடுப்பார்கள், ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

கோடு போட்ட பிரதி வேண்டாம் என்று சில கவுண்டர்களில் சொல்வார்கள். அங்கே வாதாட வேண்டாம். சுத்தமான பிரதி ஒன்றில் ஓரத்து வெள்ளை இடத்தில் அதே வரியைச் சின்னதாக எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். அசலின் மேல் மட்டும் எதையும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிக்கொண்டு வந்து நின்றவரையும் பார்த்திருக்கிறேன்.

4. இரண்டு பிரதியில் ஒரு கடிதம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அரசு அலுவலகத்தில் காசு கட்டினால் ரசீது தருவார்கள். மனு கொடுத்தால் சிலசமயம் ஸ்லிப் தருவார்கள். ஆனால் அந்த ஸ்லிப்பில் மனு வந்து சேர்ந்தது என்றுதான் இருக்கும். என்னென்ன பத்திரம் உள்ளே இருந்தது என்று இருக்காது. பிறகு 'உங்கள் பிறப்புச் சான்றிதழ் அசலா? எங்களிடம் பிரதிதான் வந்தது' என்று சொல்லிவிட்டால் உங்களிடம் பதில் இல்லை.

அதனால் ஒரு பக்கக் கடிதம் ஒன்று தயார் செய்யுங்கள். மலாயில் இருக்கட்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதிக் கொடுத்தாலும் போதும், இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. மேலே தேதி, அலுவலகத்தின் பெயர், மனுவின் வகை, உங்கள் பெயர். நடுவில் பட்டியல். பட்டியலில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் எண், அது அசலா பிரதியா, எத்தனை பக்கம். 'பாஸ்போர்ட், அசல், ஒன்று' என்று ஒரு வரி. 'திருமணச் சான்றிதழ், பிரதி, இரண்டு பக்கம்' என்று அடுத்த வரி. 'பத்திரங்கள்' என்று மொத்தமாக எழுதினால் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை.

அடியில் 'டிதெரிமா ஓலே' (பெற்றுக்கொண்டவர்) என்று எழுதி, அவர் பெயருக்கும் சாப்புக்கும் (அலுவலக முத்திரை) தேதிக்கும் இடம் விடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்று அவர்கள் ஃபைலுக்கு, இன்னொன்றில் சாப்பு வாங்கி உங்களுக்கு.

கேட்கிற விதமும் முக்கியம். மனுவைக் கொடுத்து எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது கேட்டால், அடுத்த நம்பரைக் கூப்பிட்டிருப்பார்கள். மனுவின் மேல் இந்தக் கடிதத்தை முதல் தாளாக வைத்துக் கொடுங்கள். அதிகாரி பட்டியலைப் பார்த்தே சரிபார்ப்பார், அவருக்கும் வேலை சுலபம். 'புவான், மிந்தா சோப் தெரிமா' (அம்மா, பெற்றுக்கொண்டதற்குச் சாப்பு வேண்டும்) என்று சிரித்த முகமாகக் கேளுங்கள். ஆணாக இருந்தால் 'துவான்' அல்லது 'என்சிக்'.

சாப்பு போட மாட்டேன் என்றால்? நடக்கும். பொறுப்பு தன் தலையில் விழுமோ என்று சிலர் தயங்குவார்கள். வெளியே வந்ததும், ஞாபகம் இருக்கும்போதே, 555 புத்தகத்தில் நேரம், கவுண்டர் எண், பெயர்ப்பட்டையில் பார்த்த பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். நம்பர் சீட்டைத் தூக்கிப் போடாமல் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அன்றைக்கே அந்தக் கடிதத்தை அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், தபால் ரசீது சாப்புக்கு ஓரளவு ஈடு கட்டும்.

5. கவுண்டரில் உட்கார்ந்த பிறகு

அசலைக் கேட்டால், பார்த்துவிட்டுத் தருவதற்கா வைத்துக்கொள்வதற்கா என்று அங்கேயே கேளுங்கள். பல மனுக்களுக்கு அசல் ஒப்பிட்டுப் பார்க்கத்தான். நாம்தான் பயத்தில் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு நீட்டிவிடுகிறோம். பிரதிகளை ஒரு உறையிலும் அசல்களை வேறு உறையிலும் வைத்து, கேட்ட அசலை மட்டும் எடுத்துக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அதே உறைக்குள் போகட்டும்.

அலுவலகம் நிறைந்திருக்கும் நாளில், வாசலில் காவலாளியோ உதவியாளரோ எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒன்றாக வாங்கி மேசையில் அடுக்குவது உண்டு. அந்த அடுக்கில்தான் கலப்படம் நடக்கும். ஒரே மாதிரி அட்டை, பலருக்கு ஒரே மாதிரி பெயர். உங்கள் பாஸ்போர்ட்டை ஒளி ஊடுருவும் உறையில் போட்டு, முன்னால் பெயரும் போன் எண்ணும் எழுதிய தாளை வையுங்கள். கவுண்டரில் நேரே கொடுக்கிறேன் என்று பணிவாகச் சொல்வதிலும் தப்பில்லை.

'விடுபட்ட பத்திரத்தை என் வாட்ஸப்புக்கு அனுப்புங்கள்' என்று அதிகாரி தன் சொந்த எண்ணைக் கொடுத்தால், உதவி என்று நினைத்து உடனே அனுப்பாதீர்கள். பெரும்பாலும் அவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் அவர் மாற்றலாகிப் போனால் உங்கள் பாஸ்போர்ட் படமும் அவரோடு போய்விடும். 'கவ் டாட் எம்ஒய்' என்று முடியும் அலுவலக மின்னஞ்சலைக் கேட்டு அதற்கு அனுப்புங்கள். அனுப்பியதற்குச் சான்றும் உங்களிடம் நிற்கும்.

உள்ளே படமோ வீடியோவோ எடுக்காதீர்கள். பல அலுவலகங்களில் தடை. அடுத்தவர்களின் பத்திரமும் அதில் விழும்.

6. திரும்ப வாங்கும்போது

பாஸ் ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பையில் போட்டுவிடாதீர்கள். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பெயர், பாஸ்போர்ட் எண், பாஸ் முடியும் தேதி மூன்றையும் பாருங்கள். எண்ணில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அங்கேயே சொன்னால் திருத்துவது சுலபம். வாரம் கழித்து வந்தால் புது மனு மாதிரி ஆகிவிடும்.

உங்கள் உறைக்குள் இன்னொருவருடைய பாஸ்போர்ட்டோ சான்றிதழோ வந்திருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். நல்லது செய்கிறோம் என்று எடுத்துப்போய், முகநூலில் படம் போட்டு ஆளைத் தேடாதீர்கள். பிறர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அனுமதி இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

7. ஏஜென்ட், தோட்ட ஆபீஸ், உறவுக்காரர்

அதே சட்டத்தைத் தோட்ட ஆபீஸுக்கும் நினைவுபடுத்தலாம். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. பெர்மிட் புதுப்பிக்கக் கொடுப்பது வேறு, காலம் முழுக்க அவர்களிடம் இருப்பது வேறு. புதுப்பிக்கக் கொடுத்தாலும் கிராணியிடம் (ஆபீஸ் குமாஸ்தா) தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்குங்கள். பெர்மிட் வந்தபின் கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட்டுக்கும் அதே பட்டியல் கடிதம்தான். அலுவலகத்தில் தொலைந்ததா, ஏஜென்ட் காரில் தொலைந்ததா என்று பிறகு தெரியாமல் போவதுதான் இங்கே வழக்கமான கதை. அவர் அலுவலகத்தில் வாங்கிய ஸ்லிப்பின் படத்தை அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப முடியாது என்கிற ஏஜென்ட்டிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கணவர் வீட்டார் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. பாஸுக்குக் கணவர்தான் ஸ்பான்சர் என்பதால் பாஸ்போர்ட்டும் அவருடையது ஆகிவிடாது.

8. அலுவலகத்தில் தொலைந்துவிட்டால்

இங்கே வரிசை தப்பினால் பின்னால் எல்லாம் தப்பும்.

முதலில் அந்த அலுவலகத்துக்கே எழுத்தில் கேளுங்கள். சாப்பு வாங்கிய கடிதத்தின் பிரதியை இணைத்து, இந்தத் தேதியில் கொடுத்தது எங்கே என்று கேட்டு, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாக 'காணோம்மா, போலீஸ் ரிப்போர்ட் போடுங்க' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதில் உங்கள் வாயிலேயே தப்பை ஒப்புக்கொள்ள வைக்கிற பதில்.

பிறகு, முடிந்தால் அன்றைக்கே, போலீஸ் புகார். எந்த நிலையத்திலும் போடலாம். புதிதாகப் போகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டேன்' என்று சொல்கிறார்கள், போலீஸ்காரரும் அப்படியே தட்டச்சு செய்கிறார். அதற்குப் பிறகு அலுவலகத்தின் பெயரே அந்தக் கதையில் இல்லை. நீங்கள் சொல்ல வேண்டியது: இந்தத் தேதியில், இந்த அலுவலகத்தில், இந்த மனுவுக்காக அசல் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன், இந்தத் தேதியில் கேட்டபோது கிடைக்கவில்லை என்றார்கள். பெயரைச் சொல்லலாம், திட்ட வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் புகாரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மலாய் சரியாக வராது என்றால் படித்துப் புரியவைக்க ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

மூன்றாவது உங்கள் நாட்டுத் தூதரகம். இந்தியர் என்றால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் பாஸ்போர்ட் சேவை வழியாக மாற்றுப் பாஸ்போர்ட் கேட்க வேண்டும். போலீஸ் புகாரும், தொலைந்த விதத்தை விளக்கும் உறுதிமொழியும் கேட்பார்கள். பழைய பாஸ்போர்ட்டின் பிரதி இருந்தால் வேலை வேகமாக நடக்கும். அவசரச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, அது ஊருக்கு ஒருவழியாகத் திரும்புவதற்கு. இங்கேயே குடும்பம் நடத்துகிறவர்கள் தெரியாமல் அதைக் கேட்டு வாங்கிவிடக்கூடாது.

நான்காவதாக, புதுப் பாஸ்போர்ட்டோடு குடிநுழைவுத் துறைக்குப் போய்ப் பழைய பாஸைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பாஸ் முடியும் தேதி நெருங்கியிருந்தால் புதுப் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். போலீஸ் புகாரோடு முன்கூட்டியே போய் நிலைமையைச் சொல்லி, தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் சிறப்புப் பாஸ் தேவையா என்று கேளுங்கள். 'உங்கள் அலுவலகம்தானே தொலைத்தது' என்பதால் பாஸ் தானாக நீளாது.

சிவப்பு ஐசிக்காரர்களுக்கும் முதல் இரண்டு படிகள் அப்படியேதான். மூன்றாவதுக்குப் பதிலாகத் தேசியப் பதிவுத் துறை. மாற்று அட்டைக்குக் கட்டணம் கேட்டால், அட்டை உங்கள் கவனக்குறைவால் போகவில்லை என்பதற்குப் புகாரின் பிரதியைக் காட்டி விலக்குக் கேளுங்கள். கிடைக்காமல் போனாலும் கேட்டது பதிவாகட்டும்.

இந்த நாட்களில் வெளியே போகும்போது புகாரின் பிரதி, பாஸ்போர்ட் பிரதி, அலுவலக ஸ்லிப் மூன்றும் கையில் இருக்கட்டும். சோதனை நடக்கும் இடத்தில் 'வீட்டில் இருக்கிறது சார்' என்ற பேச்சு எடுபடாது.

9. பிரதி வெளியே போயிருந்தால்

தெரியாத கடன்காரன் கூப்பிடுகிறான், வாங்காத போன் எண்ணுக்குப் பில் வருகிறது என்றால் உங்கள் பிரதி எங்கேயோ சுற்றுகிறது. வங்கிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 997-க்குக் கூப்பிடுங்கள், அது தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண். அப்புறம் போலீஸ் புகார். போன் நிறுவனத்தில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

555 புத்தகம் இங்கேயும் கைகொடுக்கும். பிரதியில் கோடும் தேதியும் இருந்தால், எந்த அலுவலகத்துக்குக் கொடுத்த பிரதி என்று கண்டுபிடித்துவிடலாம். அரசு ஊழியர் வேலையில் கிடைத்த விவரத்தை வெளியே விட்டதாகத் தெரிந்தால், தண்டனைச் சட்டம் 203ஏ பிரிவு இருக்கிறது. 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புகாரில் அந்தப் பிரிவை எழுதத் தேவையில்லை, நடந்ததை எழுதினால் போதும்.

10. புகார் எங்கே, எப்படி

முதலில் அந்தத் துறையின் சிஸ்பா தளத்தில் போடுங்கள். அரசுத் துறைகளுக்கான பொதுப் புகார் முறை அது, புகார் எண் கிடைக்கும். அந்த எண்ணைப் புத்தகத்தில் எழுதுங்கள். பதில் வரவில்லை, அல்லது பதில் மழுப்பலாக இருக்கிறது என்றால் பொதுப் புகார் பிரிவுக்குப் போகலாம். அதிகாரியின் நடத்தையே பிரச்சினை என்றால் அமலாக்க நிறுவன நேர்மை ஆணையம் இருக்கிறது. குடிநுழைவுத் துறை அதன் எல்லைக்குள் வருகிறது.

புகாரில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். 'நடவடிக்கை எடுங்கள்' என்று எழுதினால் 'கவனத்தில் கொண்டோம்' என்று பதில் வரும். அசலைத் தேடித் திருப்பித் தர வேண்டும், அல்லது தங்களிடம் தொலைந்ததாக எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒய்பி, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதி, அவருடைய சேவை மையத்துக்குப் போவதில் தப்பில்லை. ஒரு போன் போட்டால் வேலை நடக்கும் ஊர்தான் இது. ஆனால் அங்கேயும் அசலை விட்டுவிட்டு வராதீர்கள், பிரதி போதும். கோபத்தில் பாஸ்போர்ட் படத்தையும் மனு எண்ணையும் முகநூலில் போட்டு நியாயம் கேட்பவர்கள் உண்டு. அலுவலகம் சிந்தாததையும் நாமே சிந்திவிடுகிறோம்.

11. பிறகு கிடைத்துவிட்டால்

புதுப் பாஸ்போர்ட் வாங்கிய பிறகு 'கண்டுபிடித்துவிட்டோம், வாங்க' என்று அழைப்பு வருவது உண்டு. போய் வாங்குங்கள், ஆனால் அதை வைத்துப் பயணம் செய்யாதீர்கள். தொலைந்ததாகத் தூதரகத்தில் பதிவானதும் அந்த எண் ரத்தாகிவிட்டது. விமான நிலையத்தில் நீட்டினால் தொலைந்த பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துகிறவர் ஆகிவிடுவீர்கள்.

பழைய பாஸ் பக்கங்களையும் நுழைவு முத்திரைகளையும் பிரதி எடுத்துக்கொண்டு, தூதரகத்தில் காட்டி ரத்து முத்திரை போடச் சொல்லுங்கள். நிரந்தர வசிப்புக்கு மனு போடும்போது இத்தனை வருஷம் இங்கே இருந்ததற்கு அந்தப் பக்கங்கள் தேவைப்படும். சிஸ்பா புகார் இன்னும் திறந்திருந்தால், எந்தத் தேதியில் கிடைத்தது, அதற்குள் மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு செலவானது என்று அதிலேயே எழுதி, ரசீதுகளை இணைத்துவிடுங்கள்.